கழுதை மேட்டில் வைத்த கல்

மாணவியர் விடுதி,
திருவண்ணாமலை.
12.1.1979

அன்புள்ள அம்மாவுக்கு மகள் வேதா வணங்கி எழுதுவது. உன் இருமல் குறைந்ததா? அப்பா சுகமா? நான் நன்றாக இருக்கிறேன்.

சென்ற வாரம் பள்ளியில் ஐந்து மைல் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதல் மூன்று பேரை அடுத்த மாதம் ஜமுனாமரத்தூர்ப் போட்டிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். நம் ஊருக்குப் பக்கமாயிற்றே, உன்னைப் பார்க்கலாம் என்று நானும் பெயர் கொடுத்தேன்.

வழியில் கழுதை மேடு என்று ஒரு செங்குத்தான ஏற்றம். அதுவரை நான்தான் கடைசி. மேட்டில் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திணற, நான் விறகுக் கட்டோடு மலையேறுவது போலக் குனிந்து, சின்னச் சின்ன அடியாக வைத்து எல்லோரையும் தாண்டிவிட்டேன்.

உச்சிக்கு வந்ததும் நம் மலை வழக்கப்படி சாமிக்குக் கல் வைக்க நின்றேன். நல்ல கல்லாகக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த என் வகுப்புச் சரோஜா, "இன்னாடி தேடற?" என்றாள்.

"கல்லு."

"யாரை அடிக்கப் போற? ஓடுடி" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

கல்லை வைத்து, உனக்காக வேண்டிக்கொண்டு நான் நிமிர்வதற்குள் மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். நான் நான்காவது.

பரவாயில்லை அம்மா, அந்த மூவரில் ஒருத்தியாகச் சரோஜா ஜமுனாமரத்தூர் வருகிறாள். ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு இருப்பாள். அவளிடம் கொஞ்சம் சாமை மாவு கொடுத்தனுப்பு. இங்கே நம் மலை அளவுக்குக் குளிர் இல்லை. ஆனாலும் போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று வேண்டும். துவைக்காமல் கொடு.

படிப்பு மணி அடித்துவிட்டது.

உன் மகள்,
வேதா