நீர் ஆலையின் சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள், சம்பந்தி

சம்பந்தி,

நான் சொன்னேனா இல்லையா? கட்டடம் நிற்கும், சக்கரம்தான் முதலில் போகும் என்று ஓடைப் பாலத்தில் நின்று அன்றைக்கே சொன்னேன். நீங்கள்தான் நம்பவில்லை. இன்று காலை மகன் என்னை அங்கே கொண்டுபோய் விட்டான். ஆலையின் பக்கச் சுவர் மொட்டையாக நிற்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் புல்லில் போட்டிருக்கிறார்கள். கறுத்துப்போன ஓக் பலகைகள். விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. பாசியும் துருவும் ஊறிய மரமும் கலந்த அந்த வாசனை என் சட்டையோடு எடிசன் ஊரிலிருக்கும் நம் வீடு வரை வந்துவிட்டது. மருமகள் கதவைத் திறந்ததும் முகர்ந்துவிட்டாள். "மில்லுக்குப் போனீங்களா மாமா?" என்றாள். உங்கள் மகளல்லவா, அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

உங்கள் வீட்டம்மா போன பிறகு நீங்கள் இங்கே வந்தபோது, ஒரே வீட்டில் இரண்டு சம்பந்திகள், அமெரிக்காவே தாங்காது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதுவும் பலித்தது. ஹீட்டரை நீங்கள் ஏற்றுவீர்கள், நான் இறக்குவேன். பொறுக்கமாட்டாமல்தான் மருமகள் சனிக்கிழமைகளில் பேத்தியை டான்ஸ் கிளாசில் விடப் போகும்போது நம்மிருவரையும் அந்த ஆலை வாசலில் இறக்கிவிட்டாள். "அப்பா, ரோட்டுப் பக்கம் போகாதீங்க. மாமா, நீங்க யார்கிட்டயும் கதை விடாதீங்க. முடிஞ்சதும் வந்து பிக்கப் பண்ணிக்கிறேன்."

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கே டாட்டா காட்டியவன். என் இங்கிலீஷ் 'தேங்க் யூ'வைத் தாண்டாது. ஆனால் விருதுநகரில் மாவு மில் நடத்தியவன். நான் அரைத்த மாவில் இட்லி ஊற்றி மந்திரிமார்களே சாப்பிட்டிருக்கிறார்கள். நீங்களோ பேங்க் ஆபீசர், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவர். ஆலையில் மாட்டியிருந்த இங்கிலீஷ் பலகைகளை ஒன்றுவிடாமல் படித்து எனக்குத் தமிழில் சொல்வீர்கள். நான் அதைக் கேட்டு, கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து, வேடிக்கை பார்க்க வரும் நம்மூர்க் குடும்பங்களுக்குச் சொல்வேன்.

மூன்று மாடிக் கல்கட்டடம். குடியானவர்கள் வண்டியில் கொண்டுவரும் மக்காச்சோளத்தைக் கயிற்றில் கட்டி உச்சி மாடிக்கு ஏற்றுவார்களாம். அதன்பின் யாரும் தூக்க வேண்டாம். சோளம் தானாகக் கீழே இறங்கி, நடுமாடியில் கல்லுக்குள் நுழைந்து, மாவாக அடித்தளத்துப் பெட்டியில் வந்து விழும். அடிக்கல் அசையாது, மேல்கல் மட்டும் சுற்றும். கூலியாகக் காசு வாங்காமல் மாவில் ஒரு பங்கை ஆலைக்காரர் எடுத்துக்கொள்வாராம். கல்லைத் தாங்கும் மரச்சட்டம் சுவரை எங்கேயும் தொடவில்லை என்பதை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். தொட்டால் அதிர்விலேயே சுவர் விரிசல் விட்டுவிடுமாம். அந்த இடுக்கில் உள்ளங்கையை நுழைத்து, "பார்த்தீங்களா சம்பந்தி, ஒரே வீட்டுக்குள்ள ஒட்டாம நிக்குது" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள்.

இந்த நாட்டின் முதல் ஜனாதிபதியுடைய குதிரைக்கு இங்கேதான் சோளம் அரைத்தார்கள் என்று ஒரு தெலுங்குக் குடும்பத்திடம் எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து உங்கள் குரல்.

"குதிரைக்கு எதுக்கு மாவு? முழுச் சோளத்தையே திங்குமே."

"பல்லு போன குதிரை சம்பந்தி."

"இது எந்தப் பலகையில போட்டிருக்கு?"

"நீங்க படிக்காத பலகையில."

சக்கரம் நாம் போவதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. ஒரு புயல்மழையில் வாய்க்கால் உடைந்து மண் மூடிவிட்டதாம். மரச்சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்திவைத்தால் அடிப்பாதி தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், மேல்பாதி காய்ந்து வெடிக்கும் என்று நீங்கள் படித்துச் சொன்ன வருஷம்தான் உங்கள் கால்கள் வீங்க ஆரம்பித்தன. அப்புறம் டயாலிசிஸ். ஒரு நாள் அந்த நாற்காலியில் சாய்ந்தபடியே, "வேற ஒண்ணும் வேண்டாம் சம்பந்தி. அது ஒரு தடவை சுத்தினா பார்த்துட்டுக் கிளம்பிடுவேன்" என்றீர்கள். உங்கள் மகள் காதில் விழாத மாதிரி போர்வையை இழுத்துவிட்டாள்.

இலை உதிரும் காலத்தில் வாய்க்காலைச் சரிசெய்துவிட்டார்கள். மதகைத் திறந்து பார்க்கப்போகிறோம் என்றார் அங்கே தொண்டு செய்யும் தாடிக்காரர். சக்கரநாற்காலியில் உங்களைக் கொண்டுபோனோம். மதகைத் தூக்கியதும் தண்ணீர் பாய்ந்து வந்தது. சக்கரம் முனகியது, அசைந்தது, சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்புறம் எண்ண முடியாத வேகம். கட்டடமே உறுமியது. சுவர் மட்டும் அசையவில்லை. இளஞ்சூட்டோடு இறங்கிய மாவைத் தாடிக்காரர் அள்ளி உங்கள் கையில் வைத்தார். நீங்கள் முகர்ந்து பார்த்துச் சிரித்தீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

இன்றும் ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. "அங்கிள், இந்தக் கட்டையெல்லாம் என்னது?" என்று அந்தப் பெண் கேட்டாள். வாயைத் திறந்தேன். குதிரை வரவில்லை, ஜனாதிபதி வரவில்லை. பின்னாலிருந்து மறுத்துப் பேச ஆளில்லாமல் எனக்குக் கதை வருவதில்லை, சம்பந்தி. பலகைகளெல்லாம் அப்படியே மாட்டியிருக்கின்றன. எனக்கு அவை வெறும் எழுத்து. "சக்கரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. நீங்களும் அங்கே இருந்தவர், உங்களிடம் மறைக்க முடியாது. அன்றைக்குச் சக்கரம் சுற்றவில்லை. தண்ணீர் வந்து மோதியது, ஒரு சாண் நடுங்கியது, அடிப்பக்கத்துக் கனம் அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. தாடிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு "சாரி" என்றார். எல்லோரும் போன பிறகும் நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பாமல், "சுத்துச்சுன்னு சொல்லுங்க சம்பந்தி. நான் குறுக்க பேசமாட்டேன்" என்றீர்கள்.

அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குத்தான் சுற்றியது என்று எழுத முடிந்தது.