ஆன்சியின் ஞானத்தகப்பன்

பாம்பன்,
வியாழக்கிழமை.

அன்புள்ள கிளாட்சனுக்கு,

ஆன்சிக்குச் சளி குறைந்ததா? கொச்சியில் மழை விடவில்லை என்று பிரெசில்லா சொன்னாள். குழந்தையை ஏசி ரூமில் போடாதீர்கள்.

விசாரிப்பு இவ்வளவுதான். போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் நம் லாரி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை சவேரியார் அண்ணன் படகு மீன் நம் கம்பெனிக்குள் வந்துவிட்டது. எல்லாம் விளமீன். வெளியே பளபளவென்று இருந்தது. அறுத்தேன். நடுமுள் ஒடிந்து, உள்ளே ரத்தம் கட்டிக் கிடந்தது. வெடி போட்டுப் பிடித்த மீன். இதற்கு என் லேப் வேண்டாம், கண் போதும்.

கொள்முதல் பார்க்கும் வீரமணியைப் பிடித்துக் கத்தினேன். அழாத குறையாகச் சொன்னான்: "அண்ணே, அவரு பாப்பாவோட ஞானத்தகப்பன். அவரு மீனை வேணாம்னு நான் எந்த வாயால சொல்ல?"

நீ அவனை வாங்கச் சொல்லவில்லை, தெரியும். சொல்லவே தேவைப்படவில்லை, அதுதான் சங்கதி. ஞானஸ்நானத்தன்று அவர் ஆன்சியை ஏந்தி நின்ற படத்தைக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டாயே, அன்றே இங்கே எல்லோருக்கும் உத்தரவு வந்த மாதிரி ஆகிவிட்டது.

மீனைத் திருப்பி அனுப்பினேன். சவேரியார் அண்ணன் நேரிலேயே வந்தார். கோபப்படவில்லை. "நீ யாருப்பா நடுவுல? கிளாட்சன் சொல்லட்டும்" என்று சிரித்துவிட்டுப் போனார். சனிக்கிழமை அவர் படகு மறுபடியும் கரைக்கு வருகிறது.

தேவிபட்டினம் சோணைமுத்து இனி நமக்கு மீன் தர மாட்டாராம். "வெடிக்காரன் மீனும் என் மீனும் ஒரே ஐஸ்லயா கெடக்கணும்?" என்று கேட்டார். நம் மீனை வாங்கும் வெளிநாட்டு பையர் அந்த ஞானஸ்நானப் படத்தை அனுப்பி, இவர் யார் என்று கேட்டிருக்கிறார். மீனைப் பற்றிக் கேட்டால் ரிப்போர்ட் காட்டுவேன். படத்தை எந்த மெஷினில் வைத்துச் சோதிப்பது?

மீன் வெட்டும் லீமாரோஸ் அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "ஏலே ஆன்டோ, செவுத்துல எழுதுனத வெள்ளையடிச்சிட்டு அந்த போட்டோவ மாட்டுலே." அவள் தம்பிக்குச் சவேரியார் அண்ணன் படகில்தான் வெடியில் கை போனது. 'வெடி மீன் வாங்குவதில்லை' என்று அந்தச் சுவரில் நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று எழுதினோம். உன் எழுத்துதான் கோணல்.

உன் அய்யா கடலில் காணாமல் போனபோது எல்லோரும் கையை விரித்த பிறகும் தேடிப் போய் உடலைக் கொண்டுவந்தவர் சவேரியார் அண்ணன். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், மறப்பேனா? அந்த நன்றிக்கு அவர் வீட்டில் போய்ச் சாப்பிடு, காலைப் பிடி. நம் ஐஸைக் கொடுக்காதே.

ஞானஸ்நானத்தைத் திருப்பி எடுக்க முடியாது. அவர் ஆன்சிக்கு ஞானத்தகப்பனாகவே இருக்கட்டும். கம்பெனிக்கு வேண்டாம். சனிக்கிழமைக்குள் வீரமணிக்கு போன் போட்டு "வாங்காதே" என்று உன் வாயால் சொல். அப்புறம் அவரிடமும் நீயே சொல். சொல்லாவிட்டால் லேப் சாவியை வீரமணியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. அதற்கு மேல் எனக்கு ஏலாது.

லெட்டரோடு ஒரு பார்சலும் வரும். பிரெசில்லா உண்டாகியிருந்தபோது "நீதான்டா ஞானத்தகப்பன்" என்று நீ சொன்னாய். அந்த வாரமே ராமநாதபுரம் போய் வாங்கிய வெள்ளைக் கவுன். ஞானஸ்நானத்தன்று கோயிலில் கடைசி வரிசையில் நின்றபோதும் என் பையில்தான் இருந்தது. இப்போது சின்னதாகப் போயிருக்கும். பக்கத்தைப் பிரித்துத் தைக்கச் சொல். இங்கே வைத்து நான் என்ன செய்ய?

ஆன்சி நன்றாக இருக்கட்டும். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் இங்கே கூட்டிவா. அந்தச் சுவரில் எழுதியிருப்பது அன்றைக்கும் உண்மையாக இருக்கட்டும்.

இன்னும் உன்,
ஆன்டோ