இரண்டு எலிக்கூண்டும் இரண்டு சீட்டும்

ஜூலை 10, வியாழன்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். திங்கட்கிழமை லேபில் எலிக்கூண்டு கழுவும்போது, இரண்டு கூண்டின் சீட்டும் கழன்று விழுந்துவிட்டன. எது தடுப்பூசி போட்ட எலி, எது போடாத எலி என்று தெரியவில்லை. எலியிடமே கேட்டேன். மீசையை ஆட்டியது. குத்துமதிப்பாக மாட்டிவிட்டேன்.

இன்றைக்கு, ஆராய்ச்சி செய்யும் ஷாலினி மேடம் அந்த எலிகளைச் சோதித்துப் பார்க்கும் நாள். அவங்களுடைய மூன்று மாத உழைப்பு. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இன்னாண்ணா இப்டி பண்ணிட்டீங்க!"

தலையில் கை வைத்தவர், இரண்டு எலியிடமும் சொட்டு ரத்தம் எடுத்தார். அதில் ஒரு சாயம் விட்டார். ஊசியில் இருந்த கிருமியை அடையாளம் தெரிந்துவைத்திருக்கும் வெள்ளை அணுவில் மட்டும்தான் அது ஒட்டுமாம். மெஷினில் வைத்தார். ஒரு எலிக்குத் திரையில் பேருக்கு ரெண்டு புள்ளி. இன்னொன்றுக்கு ஒரு மூலை முழுக்க மின்னியது. அதுதான் ஊசி போட்ட எலியாம். இத்துனூண்டு எலி, கடுகளவு ரத்தம், அதுக்குள்ளே இவ்வளவு ஞாபகமா! உடம்பெல்லாம் புல்லரித்துப் போச்சு.

"எனக்கு நாலு நாள் ஞாபகம் நிக்கல, இதுக்கு நிக்குதே மேடம்" என்றேன். சிரித்துவிட்டார்.

"சீட்டை இப்பவே சரியா மாட்டிடுங்கண்ணா."

"தோ, போறேன்" என்று கூண்டுகளிலிருந்து சீட்டை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இப்போதுதான் சட்டையைக் கழற்றினேன். இரண்டு சீட்டும் அதன் பையில் இருக்கின்றன.