தள்ளிப் பிடித்த குறி

ஜூன் 4
இன்றும் தவறியது. இரண்டு கோழி ஷெட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் காற்று பேயாட்டம் ஆடுகிறது. சுவரோரம் எலி ஹாயாக உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. என் ஏர் ரைபிள் குண்டு நாலு விரல் தள்ளிப் போய்ச் சுவரைப் பெயர்த்தது. “எலிக்கு வேடிக்கை காட்டுறியா?” என்றான் அண்ணன். பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று மட்டும் எலிகள் ஒரு கூடைக் குஞ்சுகளைக் கடித்துப் போட்டிருக்கின்றன. அவன் கோபம் நியாயம்தான். ஆனால் மாசக் கடைசிக்குள் எலி ஒழியாவிட்டால் விஷம் வைப்பானாம். தீவன அறையில் பூனை மகாராணி குட்டி போட்டிருக்கிறாள். விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் அதே கதிதான். போன வருஷம் நாய் அப்படித்தானே போனது? மறந்துவிட்டானா, அல்லது நினைவிருந்தும் பரவாயில்லையா?

ஜூன் 7
ஏர் ரைபிளை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வேகமாகப் போனால் காற்று ஒன்றும் செய்யாது என்று அண்ணன்தான் இந்த முரட்டு ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கிப் போட்டானாம். சுடும்போது துப்பாக்கியே துள்ளினால் குறி எங்கே நிற்கும்? அளவான ஸ்பிரிங் போட்டு, கனமான குண்டு கொடுத்தார். குறி பார்க்கும் ஸ்கோப்பைக் காற்றில்லாத நேரத்தில் சரிசெய்துவிட்டு அப்புறம் திருகைத் தொடவே கூடாது, காற்றடித்தால் குறியைத்தான் காற்று வரும் பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்றார்.

ஜூன் 8
விடியற்காலை. இலை அசையவில்லை. அட்டையில் ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள். தனியாக நின்று சிரித்தேன்.

ஜூன் 10
காற்று வலப்பக்கமிருந்து. வலப்பக்கம் தள்ளிப் பிடித்தேன். குண்டு இன்னும் வலப்பக்கம் போகிறது! காற்றை எதிர்த்துப் போகிற குண்டை எவளாவது பார்த்திருக்கிறாளா? கண்தான் போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகு பார்த்தால் ஸ்கோப் திருகின் மூடி லூசாக இருக்கிறது.

“காத்துக்கு ஏத்த மாதிரி ரெண்டு சுத்து திருப்பி வெச்சேன். உனக்கு நல்லதுதானே செஞ்சேன்?” என்கிறான் அண்ணன்.

அவனும் தள்ளி, நானும் தள்ளி! காற்று நின்றால் திருகும் தானாகத் திரும்பிக்கொள்ளுமா? கத்தித் தீர்த்தேன். தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 11
மறுபடி முதலிலிருந்து. சரிசெய்ததும் மூடிமேல் நகப்பூச்சு பூசினேன், தொட்டால் தெரியட்டும் என்று. நகப்பூச்சு கொடுத்த அண்ணி, “அப்படியே அவர் மூக்குலயும் கொஞ்சம் பூசிவிடு” என்றாள்.

ஜூன் 15
சந்து முனையில் ஒரு நூலைக் கட்டியிருக்கிறேன். அது அசையாமல் தொங்கும் நேரம் பார்த்துச் சுட்டேன். இரண்டு விழுந்தன. தலையில்தான், துடிக்கவே இல்லை.

ஜூன் 18
மூன்று. நூல் படபடக்கும்போதே ஒன்று. கை வந்துவிட்டது.

ஜூன் 22
ஒன்றுகூட வரவில்லை! இருட்டும்வரை காத்திருந்தேன். குஞ்சுகளுக்கும் ஒரு கீறல் இல்லை. ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். “நல்லது” என்றான், செருப்பைப் பார்த்துக்கொண்டு. தோற்றவனுக்கு என்ன பேச்சு வரும்?

ஜூன் 24
மகாராணி செத்துவிட்டாள்.

தீவன அறை மூலையில், வாயோரம் ரத்தம். குட்டிகள் அவள் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தன. மூட்டைகளை இழுத்துப் போட்டேன். அடியில் எல்லாம் ரோஸ் நிற விஷக்கட்டி. திருகுக்காக நாங்கள் சண்டை போட்டோமே, அந்த வாரமே அண்ணன் வைத்துவிட்டானாம்.

“ஏன் சொல்லல?”

“நீ சந்தோஷமா சுட்டுட்டு இருந்தே. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

பாவி. பாவி. எலி குறைந்தது என் குண்டால் இல்லை. பதினைந்து நாளாக நான் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன், இவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சோறு போட்டாள் அண்ணி. தட்டைத் தள்ளிவிட்டேன். அவளுக்குமா தெரியும்?

ஜூன் 25
அண்ணிக்குத் தெரியாதாம். அவளும் அவனோடு பேசவில்லை.

ஜூன் 30
மிச்சக் கட்டிகளை நானே பொறுக்கிப் புதைத்துவிட்டேன். எலிகள் திரும்பிவிட்டன. சாயங்காலம் அண்ணனே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனான். குண்டு சுவரில் படும் சத்தம் என் அறைவரை கேட்டது. மறுபடி. மறுபடி. பிறகு ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

“காத்து இடப்பக்கமிருந்து அடிக்குது. எந்தப் பக்கம் பிடிக்கணும்?”

மடியில் மிஞ்சிய ஒரே குட்டி. பாலில் நனைத்த பஞ்சை இன்றுதான் சப்பத் தொடங்கியிருக்கிறது. எழுந்திருக்காமலே கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினேன்.