தினம் ஒரு தம்ளர்

என் மகளுக்கு,

இந்த முதியோர் இல்லத்தில் என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று நீ வெயில் எட்டாத இந்த அறை மூலையில் வைத்துவிட்டுப் போன செடி செத்துப்போயிற்று.

"இருட்டுலயும் வளரும்மா. மாசம் ஒருதரம் தண்ணி ஊத்தினா போதும், மறந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றாய். வாசலில் நீ காரைக்கூட அணைக்கவில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மறந்தாலும் ஒன்றும் ஆகாது என்றது எனக்குச் சுருக்கென்றது. அந்த வீம்பில் தினமும் ஒரு தம்ளர் ஊற்றினேன். கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று அதை யாரும் சொல்லிவிடக் கூடாது. எனக்கும் இங்கே வேறு வேலை இல்லை.

போன வாரம் அடித்தண்டு அழுகிக் கையோடு வந்துவிட்டது. அறை கூட்டுகிறவள் மண்ணை மோந்து பார்த்தாள். "ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்களே பாட்டி. சும்மா விட்டிருந்தா உங்களுக்கு அப்புறமும் இருந்திருக்கும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ வந்து ஏழு மாதமாகிறது. இன்னொரு செடி வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்பாதே.

இலை மஞ்சளான பிறகும், போனில் நீ கேட்டபோதெல்லாம், "செடி நல்லா இருக்கு, நானும் நல்லா இருக்கேன்" என்றே சொல்லிவந்தேன். செடியைப் பற்றிச் சொன்னது பொய் என்று இப்போது எழுதிவிட்டேன். மீதியை நேரில் வந்து பார்த்துக்கொள்.

உன்னைப் பெற்றவள்