திரும்பும் வழிக்குத் தண்ணீர்

எஸ்கலான்டே, யூட்டா
மே மாதம், ஞாயிறு மாலை

அன்புத் தம்பி ரூலனுக்கு,

அண்ணி டெஸ்ஸா எழுதுகிறேன். அலாஸ்காவில் மீன் நன்றாகப் படுகிறதா? நீ படகே கதி என்று கிடக்கிறாய், தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. பிடித்தாலும் உன் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது.

இங்கே ஆப்ரிகாட் மரம் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது. என் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பரவாயில்லை. வண்டி ஓட்டுகிறேன், மலை ஏறத்தான் முடியவில்லை.

உன் அண்ணன் இந்தக் கோடையில் நடைப்பயணம் கிளம்புகிறார். சையன் தேசியப் பூங்காவில் தொடங்கி, பிரைஸ் பள்ளத்தாக்கு வழியாக, கேப்பிட்டல் ரீஃப் பூங்காவில் முடிக்கிறாராம். வழியெல்லாம் கூடாரம். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம், சூப் கிண்ணம் வைக்க இடமில்லை. ஒரு வருஷமாக வாய் திறக்காத மனிதர் இப்போது சீட்டியடிக்கிறார். சர்ச்சில் பெண்கள், "உன் வெர்ல் தேறிட்டாருடி, நீ குடுத்து வெச்சவ" என்கிறார்கள். அவர்கள் அந்த வரைபடத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

கடைசியாக எங்கே இறங்குகிறார் தெரியுமா? நம் பிள்ளை கோல்பியை வெள்ளம் கொண்டுபோன அதே பாறை இடுக்கில். அதுவும் ஜூலையில், இடிமழைக் காலத்தில். போன வருஷம் பிள்ளை வாசலில் நின்று, "போகட்டுமாப்பா?" என்று கேட்டான். இவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு பொட்டு மேகமில்ல, போய்ட்டு வாடா" என்றார். எங்கோ தூரத்து மேட்டில் பெய்த மழை இடுக்குக்குள் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து உன் அண்ணன் வானத்தைப் பார்ப்பதே இல்லை.

போன வாரம், வழக்கம்போல், நடக்கிறபோது எடுத்துக் குடிக்க, பாதையில் தண்ணீர்க் கேன்களைப் புதைக்கப் போனோம். அந்த இடுக்கின் வாய் வரைக்கும் போகிற வழிக்குப் புதைத்தார். பிறகு மண்வெட்டியை வண்டியில் போட்டு, "ஏறு, போலாம்" என்றார். "வர்ற வழிக்கு?" என்று கேட்டேன். "அங்க ஊத்து இருக்குல்ல" என்றார். அந்த ஊற்று எந்த ஜூலையில் ஓடியது ரூலன்? அது வறண்டுபோகும் என்று நமக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்.

இன்னொன்று. எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தானே கிளம்புவோம், அந்த நாள் தாண்டினால் தேடச் சொல்லி பூங்கா ரேஞ்சருக்குத் தகவல் கொடுக்க? இந்த முறை கேட்டால், "சும்மா தொணதொணக்காத டெஸ்ஸா. என்னைத் தேடி யாரும் அலைய வேணாம்" என்கிறார். பொறுக்க முடியாமல், "சாகத்தான் போறீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், பயணம் முடியட்டும் என்கிறார்.

அவர் கேன் புதைத்த மறுநாள் அவருக்குத் தெரியாமல் போய், வண்டி போகிற மட்டும் திரும்பும் வழியில் நானே கேன்களைப் புதைத்தேன். அழுதுகொண்டே தோண்டினேன். தண்ணீர் வைக்க என்னால் முடியும், அவரைக் குடிக்க வைக்க முடியாதே. பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், இவரையும் கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

படகை விட்டுவிட்டு வா, தம்பி. அவரைத் தடுக்காதே. தடுத்தால் சொல்லாமலே போய்விடுவார். நானும் வருகிறேன் என்று மட்டும் சொல். போகிற வழியெல்லாம் நொண்டு. "அண்ணா, முட்டி வலிக்குது, மெதுவாப் போ, என்னைய விட்டுறாத" என்று புலம்பு. உனக்குப் புலம்பவா சொல்லித் தரவேண்டும்! இடுக்கின் வாய் வந்ததும் உட்கார்ந்துவிடு, எழுந்திருக்காதே.

கூட வந்தவனைப் பாதியில் விட்டுப் போகிற மனிதர் இல்லை உன் அண்ணன். தனக்காகத் திரும்பமாட்டார். உன்னை என் வாசலில் கொண்டுவந்து விடுவதற்காகவாவது திரும்புவார்.

ஆண்டவர் உன் முழங்காலை நல்லபடி வைத்திருக்கட்டும். அண்ணன் பார்க்கிறபோது மட்டும் அது வலிக்கட்டும்.

உன்னையே நம்பியிருக்கும் அண்ணி,
டெஸ்ஸா