சுரண்டைக்காரர்கள் பார்த்த படம்

குத்துக்கல்வலசை,
ஆனி கடைசி வாரம்.

அன்பு மகன் விஜயசங்கருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், இடது முழங்கால் மட்டும் சாரல் தொடங்கியதிலிருந்து படியேறும்போது முனங்குகிறது. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன், இதை நடுவில் வெட்ட முடியாது. எழுதி முடித்ததும் நம் ஜிம்முக்கு வருகிற அஃப்ரின் படம் எடுத்து உனக்கு அனுப்பி வைப்பாள். அவள் இப்போது என்னைவிட அதிக எடை தூக்குகிறாள், எனக்கு அதில் சந்தோஷம்தான், ஆனால் அவளிடம் சொல்லவில்லை. ஜிம் கூரையில் இரண்டு தகடு ஒழுகுகிறது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். ஐந்தருவியில் தண்ணீர் கூடிப்போய் நேற்று குளிக்க விடவில்லை, மெயின் அருவியில் ஒரே கூட்டம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுரண்டையிலிருந்து உனக்குப் பெண் பேசியிருக்கிற வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின நாள் நீ போனில் என்னிடம் இரண்டு காரியம் சொன்னாய், ஹாலில் இருக்கிற படத்தைக் கழற்றிப் பரணில் வைக்க வேண்டும், முழுக்கை வைத்த ஜாக்கெட் போட வேண்டும். நான் சரி என்று சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருந்தேன், நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாய். படம் ஆணியிலேயே இருந்தது. நான் எப்போதும் போடுகிற அரைக்கை ஜாக்கெட்தான் போட்டிருந்தேன், என்னிடம் முழுக்கை ஒன்றும் கிடையாது, தைத்தாலும் தோளில் ஏறாது.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெண்ணின் அப்பா நாறும்பூநாதன், சுரண்டையில் வத்தல் மண்டி வைத்திருக்கிறவர், நல்ல மனிதர்தான், பேச்சு கொஞ்சம் கூடுதல். அவருடைய அக்கா உலகம்மையும் வந்திருந்தாள். நாறும்பூநாதன் நாலாபுறமும் பார்த்துவிட்டுப் படத்தில் கண்ணை நிறுத்தினார். யார் மதினி இது, வடக்கத்திப் பொம்பளையா என்று கேட்டார். நாந்தான் அண்ணாச்சி, மதுரைப் போட்டியில எடுத்தது என்றேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "யோகா சொல்லிக் குடுக்காவன்னுல்லா மாப்பிள்ள சொன்னாவ" என்றார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நீ அவர்களிடம் என்னை யோகா டீச்சர் என்று சொல்லி வைத்திருக்கிறாய். யோகா நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் நான் ஒரு நாளும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

நம் பக்கத்து வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பேச்சு முடிவாகும்வரை சம்பந்தம் பேசப் போன வீட்டில் காபி குடிக்கலாம், கை நனைத்துச் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் நானும் தட்டு எதுவும் வைக்கவில்லை. அவர் எழுந்து செருப்பு மாட்டுகிற முகத்தோடு இருந்தார். உலகம்மை மட்டும் தண்ணீர் வேண்டும் என்று என் பின்னாலேயே அடுக்களைக்குள் வந்தாள். வந்தவள் தண்ணீரைக் குடிக்கவில்லை. "மதினி, தொட்டுப் பாக்கட்டுமா" என்றாள். கையை மடக்கிக் காட்டினேன். "எம்மா, ஒலக்க கணக்கா இருக்கு. எங்க வீட்டு ஆம்பளையளுக்கு வயிறு மட்டுந்தான் இப்படி இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள், நானும் சொன்னேன். அதெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை, இப்போது கேள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு இடுப்பு வலி, குனிந்து நிமிர முடியாது. உன் அப்பா பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார், அதில் பெண்கள் எடை தூக்குகிற படங்கள் இருந்தன. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, படத்தைப் பார்த்துத்தான் படித்தேன். உன் அப்பா டால்டா டப்பாவில் சிமெண்டை ஊற்றி, நடுவில் குழாயைச் செருகி எடை செய்து கொடுத்தார். மாட்டுக் கொட்டிலில் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கினேன். தப்பாகத் தூக்கித் தோள் இறங்கி, குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவரிடம் போய்ச் சரிசெய்துகொண்டு வந்து மறுபடி தூக்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை.

மதுரையில் உடற்கட்டுப் போட்டிக்கு மேடை ஏறினபோது நம் பக்கத்திலிருந்து வந்த பெண் நான் ஒருத்திதான். வந்திருந்த மற்றவர்கள் உடம்பில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள், மேடை வெளிச்சத்தில் வெள்ளைத் தோலில் சதையின் வரி தெரியாதாம். நமக்கு அது தெரியாது, நான் வெறும் எண்ணெயோடு போய்விட்டேன். சாயம் எங்கே என்று கேட்ட ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒனக்கு வேண்டாம்மா என்றான். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை பேர் கறுப்பி என்று சொல்லித் திரும்பிப் போனார்கள், அன்றைக்கு அத்தனை பெண்களும் என் நிறத்துக்கு வருவதற்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பரிசு வாங்கினேன். அதைப் பார்த்துத்தான் ஒரு அரிசி ஆலைக்காரர் காலண்டருக்குக் கூப்பிட்டார், சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டி மூட்டையைத் தோளில் வைத்து நின்றேன். செங்கோட்டை தாண்டிப் புனலூர் வரைக்கும் கடைகளில் அந்தக் காலண்டர் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் உன்னை மூட்டைக்காரி மகன் என்று கேலி செய்தார்கள், நீ அழுதுகொண்டு வந்தாய், அது எனக்குத் தெரியும். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், ஆனால் மூட்டையைத் தூக்கியதற்கு வருத்தப்படவில்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அஃப்ரினுக்காக அவித்து வைத்திருந்த கொண்டைக் கடலையை நான் வடித்துக்கொண்டிருந்தேன். உலகம்மை கதை கேட்கிற ஜோரில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டாள், பிறகு தேங்காய்ப்பூ இருக்கா மதினி என்று கேட்டு ஒரு தட்டில் வாங்கிக்கொண்டாள், முட்டையும் இரண்டு தின்றாள். நானும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. ஹாலில் நாறும்பூநாதன் எழுந்து, "வீட்டுல கலந்துகிட்டு சொல்லி அனுப்புதோம்" என்றார், அப்படி என்றால் வேண்டாம் என்று அர்த்தம். உலகம்மை கையைக் கழுவிக்கொண்டு வந்து முந்தானையில் துடைத்தாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். "ஏக்கா, என்ன செஞ்ச" என்றார். "ஏ நாறும்பூ, நான் கை நனைச்சிட்டேம்லா" என்றாள் அவள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். மூத்தவள் கை நனைத்தால் அந்த வீட்டில் எல்லோரும் நனைத்த மாதிரி.

அதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியதில்லை. மறுநாள் அவர் உனக்குப் போன் செய்து, பேச்சு மாற மாட்டேன், ஆனால் நிச்சயத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் வருமுன் படத்தைக் கழற்ற வேண்டும், கல்யாணத்தில் உங்கள் அம்மா கையை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும், யார் கேட்டாலும் யோகா என்று சொல்ல வேண்டும் என்றாராம். நீ சரி என்றாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வயதில் என் உடம்பை வைத்து இரண்டு ஆண்கள் பேரம் பேசி முடித்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் என்னை அறியாதவர்.

நேற்று உனக்குப் பேசியிருக்கிற அந்தப் பெண் வித்யாலட்சுமி எனக்குப் போன் செய்தாள். அத்தை, படத்த எடுத்துட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். "எடுத்துராதீங்க அத்தை. பாக்காம நான் என்னத்தச் சொல்ல? பாத்துட்டுப் பிடிச்சிருக்கு, பிடிக்கலன்னு நானே சொல்லுதேன்" என்றாள். பிடித்திருக்கிறது என்று அவள் சும்மா சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பிடித்திருக்காது. வெள்ளிக்கிழமை உலகம்மையோடு குற்றாலம் குளிக்க வருகிறாள், அங்கிருந்து நேரே நம் வீட்டுக்கு வருவாள்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நாறும்பூநாதனை நீயே கூப்பிடு. நான் கொடுத்த வாக்கு என் அம்மாவுடையது இல்லை, படம் அங்கேதான் இருக்கும், அவள் கையும் அப்படியேதான் இருக்கும், யோகா என்று சொன்னது நான் சொன்ன பொய் என்று உன் வாயால் சொல். அதற்குமேல் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, கடலையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நானே உலகம்மையிடம் சொல்லிவிடுகிறேன். நீ சொல்லாவிட்டால், அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து கேட்கும்போது, அந்தப் பொய்யைச் சொன்னது என் மகன்தான் என்று நான் சொல்லிவிடுவேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் உன்னைப் பற்றி முதன்முதலில் தெரிந்துகொள்வது, பெற்றவளைச் சொல்ல வெட்கப்பட்டவன் என்பதாக இருக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, முட்டையின் மஞ்சளைத் தூக்கிப் போடாதே, குனிந்தே உட்கார்ந்து வேலை பார்க்காதே. நீயும் உன் வேலையும் குறைவில்லாமல் இருக்க நம் கோயில் உலகம்மன் துணை இருப்பாள், என் ஆசியும் எப்போதும் உண்டு. நாறும்பூநாதன் மண்டியை மத்தியானம் அடைத்துவிட்டுத் தூங்குவார், நம் ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் பார்த்துக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
கா. குழல்வாய்மொழி.